தேங்காயில் யார் போட்ட சர்க்கரை?

துருவல், பால், பொடி, க்ரீம்: பாக்கெட்டில் வரும் தேங்காயை அடுப்பில் ஏற்றும் முன் ஒரு நிமிடம்...

பாளையங்கோட்டையில் காலை ஆறு மணி. அத்தை வாசல் தெளித்துவிட்டு உள்ளே வருவதற்குள் போன் அலறியது. வீடியோ அழைப்பில் மகள். அமெரிக்காவின் ஒஹையோவில் அப்போது முந்தைய நாள் இரவு எட்டரை. கணவருடன் வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரர்கள் விருந்து என்றால் சொதி இல்லாமலா? மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு வைக்கிற அதே சொதியை அந்நிய மண்ணில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள்.

காய்கறி பதமாக வெந்திருந்தது. பாசிப்பருப்பு குழைந்திருந்தது. இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த வாசம் தூக்கலாக இருந்திருக்கிறது. கடைசியாக டப்பாவை உடைத்து ‘முதல் பாலை’ ஊற்றி, அடுப்பை அணைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு கரண்டி வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சொதி பாயசமாகியிருந்தது.

“என்னட்டி இது, சொதிக்கு யாராவது சீனி போடுவாவளா?” என்றார் அத்தை.

“நான் போடலம்மா. டப்பாவுலேயே இருந்திருக்கு.”

நானும் அப்போது அந்த வீட்டில் இருந்தேன். டப்பாவைக் காட்டச் சொன்னேன். மேலே பாதியாக உடைத்த தேங்காயின் படம், வெள்ளை வெளேரென்று. பெயர் ‘க்ரீம் ஆஃப் கோக்கனட்’. அவள் வாங்க நினைத்தது ‘கோக்கனட் க்ரீம்’. அதே இரண்டு சொற்கள்தான், இடம் மாறியிருக்கின்றன. முன்னது சர்க்கரைப் பாகு கலந்த இனிப்புக் கூழ். பின்னது நம் வீட்டு முதல் பாலைப் போன்ற கெட்டிப் பால்.

அந்த ஒரு டப்பா எழுப்பிய கேள்விதான் இந்தக் கட்டுரை. கடல் கடந்தவர்களின் கேள்வி மட்டுமல்ல இது. தேங்காய் உடைத்து, துருவி, அரைத்துப் பிழிய நேரமில்லாத சென்னை அடுக்குமாடி வீடுகளிலும் தேங்காய் இப்போது அட்டைப்பெட்டியிலும் பாக்கெட்டிலும் வருகிறது. 2025-இல் தேங்காய் விலை ஏறிய வேகத்தில், கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, மாற்று தேடி அந்தப் பக்கம் திரும்பியவர்கள் பலர். வறட்சியும், 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டுப் பரவிய சுருள் வெள்ளை ஈயும், வாடல் நோயும் தோப்புகளை வாட்டிவரும் காலம் இது. பாக்கெட் தேங்காய் நம் சமையலறையை விட்டுப் போகப்போவதில்லை. அப்படியானால் அதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இனிப்பு எப்படி உள்ளே வந்தது?

தேங்காயைத் துருவி, உலர்த்தி, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றும் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் வேரூன்றியது. வாங்கியவர்கள் ஐரோப்பாவின் மிட்டாய்க்காரர்களும் பிஸ்கட் தயாரிப்பாளர்களும். அதே காலத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மாவு ஆலை நடத்திய ஃபிராங்க்ளின் பேக்கர் என்பவருக்கு, கியூபா வணிகர் ஒருவர் மாவுக்கான பணத்துக்குப் பதிலாகக் கப்பல் நிறையத் தேங்காய் அனுப்பிவைத்தார். விற்க வழியில்லாமல், அவற்றைத் துருவிப் பதப்படுத்தி விற்கத் தொடங்கினார் பேக்கர். அமெரிக்க வீடுகளுக்குத் துருவல் தேங்காய் அறிமுகமான கதைகளில் முக்கியமானது இது.

அங்கே தேங்காய் என்றால் கேக்கின் மேல் தூவும் பொருள். அதனால் அது சர்க்கரையோடு சேர்ந்தே அலமாரி ஏறியது. கடந்த நூற்றாண்டின் நடுவில் புவெர்ட்டோ ரிக்கோவின் வேளாண் பேராசிரியர் ரமோன் லோபஸ் இரிசாரி, தேங்காய்ப் பாலில் சர்க்கரை கலந்து ‘க்ரீம் ஆஃப் கோக்கனட்’டை உருவாக்கினார். இனிப்பு வகைகளுக்கும் பினா கொலாடா என்ற பானத்துக்கும் அது உலகெங்கும் பயன்படுகிறது. அந்த வேலைக்கு அது சரியான பொருள். சொதிக்கு இல்லை.

நமக்குத் தேங்காய் அடிப்படைப் பொருள். காலையில் சட்னி, மதியம் பொரியலும் குழம்பும், மாலையில் கொழுக்கட்டைப் பூரணம் என்று ஒரே மூடிதான் உப்புக்கும் புளிப்புக்கும் உறைப்புக்கும் இனிப்புக்கும் போகிறது. ஈழத்தில் தேங்காய்ப்பூ என்பார்கள். சம்பலுக்கு இடிப்பதும் அதைத்தான், பிழிந்து இடியப்பத்துக்குச் சொதி வைப்பதும் அதைத்தான். அந்தத் தேங்காய் முன்கூட்டியே இனித்துக் கிடந்தால் நம் சமையலில் முக்கால் பங்குக்கு அது உதவாது.

பெட்டிச் செய்தி 1: ஒரே தேங்காய், மூன்று கணக்கு
(100 கிராமுக்கு; அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளை ஒட்டிய தோராய அளவு)

● பச்சைத் தேங்காய்: தண்ணீர் 47 கிராம், கொழுப்பு 33 கிராம், இயல்பான சர்க்கரை 6 கிராம், 354 கலோரி
● உலர் துருவல், இனிப்பில்லாதது: தண்ணீர் 3 கிராம், கொழுப்பு 64 கிராம், இயல்பான சர்க்கரை 7 கிராம், 660 கலோரி
● உலர் துருவல், இனிப்புச் சேர்த்தது: தண்ணீர் 12 கிராம், கொழுப்பு 35 கிராம், மொத்தச் சர்க்கரை 43 கிராம், 501 கலோரி

கலோரி எண் காட்டும் கண்கட்டு

மேலே உள்ள கணக்கைப் பார்த்தவுடன் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘இனிப்பில்லாததில் 660, இனிப்பு சேர்த்ததில் 501. அப்படியானால் இனிப்புதானே தேவலை?’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கொழுப்பின் அளவை வைத்துக் கணக்கிட்டால் உண்மை தெரியும். 100 கிராம் இனிப்புத் துருவலில் இருக்கும் தேங்காய் சுமார் 55 கிராம்தான். மீதியில் பெரும்பங்கு சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர். அந்த 55 கிராம் தேங்காயைத் தனியாக எடுத்துக்கொண்டால் சுமார் 360 கலோரிதான் வரும். அதாவது, ஒரே அளவு தேங்காய்க்கு இனிப்புத் துருவலில் 140 கலோரி கூடுதல். அத்தனையும் சர்க்கரையிலிருந்து வருகிறது.

காசுக் கணக்கும் இதிலேயே அடங்கியிருக்கிறது. உலர்ந்த தேங்காயின் விலை சர்க்கரை விலையைப் போலப் பல மடங்கு. இனிப்புத் துருவல் வாங்கும்போது தேங்காய் விலை கொடுத்துப் பாதிக்குக் கிட்டச் சர்க்கரையும் தண்ணீரும் வாங்குகிறோம். மளிகைக் கடையில் தனியாக எடை போட்டு வாங்கினால் அந்தச் சர்க்கரைக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான்.

அடுப்பில் என்ன நடக்கிறது?

பொரியலில் தொடங்குவோம். நான்கு பேர் சாப்பிடும் பீன்ஸ் பொரியலில் 30 கிராம் இனிப்புத் துருவல் போட்டால், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சர்க்கரையும் கூடவே போகிறது. அதை மறைக்க உப்பைக் கூட்டுவோம், மிளகாயைக் கூட்டுவோம். ருசியும் திரும்பாது, உப்பும் ஏறிவிடும்.

அடுத்தது வறுப்பு. நாகர்கோவில் தீயலுக்குத் தேங்காயைப் பொறுமையாக, நிறம் மாற மாற, காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். அந்த நிறத்தில்தான் தீயலின் உயிர் இருக்கிறது. இனிப்புத் துருவலைச் சட்டியில் போட்டால், தேங்காய் வறுபடும் முன்பே அதன் மேல் பூசிய சர்க்கரை கருகத் தொடங்கிவிடும். வெளியே கறுப்பு, உள்ளே பச்சை, நாக்கில் கசப்பு. தீயை எவ்வளவு குறைத்தாலும் அந்தப் பக்குவம் வராது.

‘சரி, இனிப்புப் பலகாரத்துக்காவது ஆகுமே?’ என்று கேட்கலாம். அங்கேயும் சிக்கல் உண்டு. தேங்காய் பர்பியின் வெற்றி பாகுப் பதத்தில் இருக்கிறது. தேங்காய்க்கு இத்தனை பங்கு சர்க்கரை என்று அளந்து, கம்பிப் பதம் பார்த்துக் கிளறுகிறோம். துருவலிலேயே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று தெரியாமல் கிளறினால், ஒரு நாள் கல்லாக இறுகும், இன்னொரு நாள் மணல் மணலாக உதிரும். கொழுக்கட்டைப் பூரணத்தில் வெல்லத்தோடு இந்தச் சர்க்கரையும் இளகினால் பூரணம் தளர்ந்து மேல்மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கன்டென்ஸ்டு மில்க் ஊற்றி உருட்டும் அவசர லட்டுவுக்கும் இனிப்பில்லாத துருவலே சரி. பாலிலேயே சர்க்கரை நிறைய இருக்கிறது. அதற்கு மேல் துருவலும் இனித்தால் ஒன்றுக்கு மேல் தின்ன முடியாது.

இனிப்புத் துருவலுக்கும் ஓர் இடம் உண்டு

நியாயமாகச் சொல்ல வேண்டும். இனிப்புத் துருவலில் உள்ள சர்க்கரை ருசிக்கு மட்டும் சேர்த்ததல்ல. அது ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால்தான் அந்தத் துருவல் நீளமாக, மெத்தென்று இருக்கிறது. அமெரிக்கப் பாணித் தேங்காய் கேக்கின் மேல் பூவாய் ஒட்டுவதற்கும், முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் தேங்காய் மெக்கரூனுக்கும் அந்த மென்மைதான் தேவை. அங்குள்ள சமையல் குறிப்புகளில் வெறுமனே ‘ஷ்ரெடட் கோக்கனட்’ என்று இருந்தால், எழுதியவர் இனிப்புத் துருவலை மனதில் வைத்தே சர்க்கரை அளவைக் குறித்திருக்க வாய்ப்பு அதிகம். நாம் இனிப்பில்லாததைப் போட்டுவிட்டு அளவை மாற்றாமல் விட்டால் கேக் சப்பென்று வறண்டுபோகும்.

அதற்கும் இனிப்புத் துருவல் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலேயே தயார் செய்யும் அளவு கீழே இருக்கிறது.

பெட்டிச் செய்தி 2: மாற்றிப் போட என்ன அளவு?

● இனிப்புத் துருவல் 100 கிராம் கேட்டால்: இனிப்பில்லாத உலர் துருவல் 55 கிராம், சர்க்கரை 40 கிராம், வெந்நீர் ஒன்றிரண்டு தேக்கரண்டி. கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பலகாரத்துக்கு ஏற்பச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம்.
● பச்சைத் தேங்காய்த் துருவல் 100 கிராம் கேட்டால்: இனிப்பில்லாத உலர் துருவல் சுமார் 55 கிராம், வெந்நீர் 45 மில்லி. கால் மணி நேரம் ஊறட்டும்.
● தேங்காய்ப் பால் வேண்டுமானால்: இனிப்பில்லாத உலர் துருவலை வெந்நீரில் ஊறவைத்து, மிக்சியில் அரைத்துப் பிழியலாம்.
● கையில் இருப்பது இனிப்புத் துருவல் மட்டும்தான் என்றால்: வெந்நீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்தால் சர்க்கரையில் பெரும்பகுதி கரைந்து போகும். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் தேங்காய் ருசி ஓரளவு மிஞ்சும். பாலுக்கு இந்த வழி கிடையாது. இனித்த பாலிலிருந்து இனிப்பைப் பிரிக்க வீட்டில் ஒரு வழியும் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் இருக்கும் நான்கு பேர்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் சொன்னது. நான்கு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது இன்று அதிசயமே இல்லை. அந்த ஒருவர் காப்பியில் சர்க்கரையை விட்டிருப்பார். பாயசத்தைத் தள்ளி வைத்திருப்பார். பொரியலையும் குருமாவையும் அவர் சந்தேகப்பட மாட்டார். கண்ணுக்குத் தெரிகிற இனிப்பை ஒதுக்க அவருக்குத் தெரியும். காரக் குழம்புக்குள் ஒளிந்திருக்கும் இனிப்பிலிருந்து அவரைக் காப்பது சமைக்கிறவரின் பொறுப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டுதலின்படி, புறத்திலிருந்து சேரும் சர்க்கரை ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 100 கிராம் இனிப்புத் துருவலில் சேர்க்கப்பட்ட சர்க்கரை மட்டும் 40 கிராமை நெருங்குகிறது. சர்க்கரை சேர்த்த டப்பா க்ரீமில் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை.

குழந்தைகள் விஷயம் வேறு. நாக்கு பழகுகிற வயது அது. தேங்காய்க்கே ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. இளம் தேங்காயைக் கீறி வாயில் போட்டு மென்றால் அது தெரியும். சர்க்கரையில் ஊறிய துருவலைத் தேங்காயின் ருசி என்று நம்பி வளரும் குழந்தைக்குப் பிறகு தேங்காய்ச் சட்னி சப்பென்றுதான் இருக்கும். அந்த இழப்பு எந்த லேபிளிலும் வராது.

இனிப்பில்லாதது என்பதற்காக அள்ளிப் போடலாம் என்றும் நான் சொல்லவில்லை. உலர் துருவலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்குள் நிற்க வேண்டும். ஆனால் அளவைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஏற்கெனவே கலந்துவிட்ட சர்க்கரையைக் குறைப்பது இல்லை.

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் உண்மை

நம்மூர்க் கடைகளில் தேங்காய்ப் பொடி என்று கிடைப்பவை பெரும்பாலும் இனிப்பில்லாதவைதான். கேக் பொருட்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் வாங்கும்போதுதான் கவனம் தேவை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கதை நேர்மாறு. அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் கேக் சாமான் வரிசையில் இருப்பது பெரும்பாலும் இனிப்புத் துருவல். நம் சமையலுக்கானது இந்தியக் கடை, இலங்கைக் கடைகளின் உறைபெட்டியில் துருவலாகவே கிடைக்கும்.

இந்தியாவில் விற்கும் பாக்கெட்டுகளில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று தனித்தனியே அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாகத் தர வேண்டும் என்பதும் விதி. இந்த இரண்டையும் படித்தால் போதும்.

பெட்டிச் செய்தி 3: லேபிளில் எதைப் பார்ப்பது?

● சேர்க்கப்பட்ட சர்க்கரை 0 என்று இருந்தால் நிம்மதி. மொத்தச் சர்க்கரை 6, 7 கிராம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது தேங்காயின் இயல்பு.
● வேறு பெயரில் வரும் சர்க்கரை: டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப். வெல்லமும் தேங்காய்ச் சர்க்கரையும் சேர்த்தது என்றாலும் அது சேர்த்த இனிப்புதான்.
● தேங்காய்ப் பால் பவுடர்: பலவற்றில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் இருக்கும். இனிப்புத் தெரியாது, ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சோடியம் கேசினேட் என்று இருந்தால் அது மாட்டுப்பாலில் இருந்து எடுத்த புரதம். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.
● சோடியம் மெட்டாபைசல்ஃபைட் (எண் 223): வெண்மை மாறாமல் இருக்கச் சேர்ப்பது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.
● கோக்கனட் மில்க், கோக்கனட் க்ரீம்: சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ்படி பாலில் குறைந்தது 10 சதவீதம், க்ரீமில் 20 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். ‘லைட்’ என்றால் 5 சதவீதம்.
● கோக்கனட் மில்க் டிரிங்க்: குடிப்பதற்காக நீர்க்க வைத்தது. சிலவற்றில் வெனிலாவும் சர்க்கரையும் இருக்கும். குழம்புக்கு ஆகாது.

ஆடி ஒன்றில் சுடும் தேங்காய்

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் ஆடி முதல் நாளில் தேங்காய் சுடுவார்கள். நாரெல்லாம் உரித்து, ஓட்டை வழவழப்பாகத் தேய்த்து, கண்ணில் துளையிட்டு நீரைக் கொஞ்சம் வடித்து, அதற்குள் அவல், பொட்டுக்கடலை, எள், பாசிப்பருப்பு, வெல்லம் எல்லாம் திணித்து, நீளக் குச்சியில் செருகி நெருப்பில் காட்டுவார்கள். ஓடு வெடித்துக் கறுக்கும்போது தெருவே மணக்கும். உடைத்தால் உள்ளே பருப்பும் வெல்லமும் தேங்காயில் ஊறி வெந்து கிடக்கும்.

அந்தத் தேங்காய்க்குள் எவ்வளவு வெல்லம் போவது என்பதை வீட்டுக்கு வீடு கைதான் முடிவு செய்கிறது. தாத்தாவுக்குச் சர்க்கரை என்றால் ஒரு தேங்காயில் வெல்லத்தைக் குறைத்து, பருப்பைக் கூட்டி, தனி அடையாளம் போட்டுச் சுடலாம். பேரனுக்கு ஒரு துண்டு வெல்லம் கூட வைக்கலாம். நான் கேட்பது அந்த உரிமையைத்தான். தேங்காயைத் தேங்காயாக வாங்குவோம். இனிப்பு வேண்டிய நாளில், வேண்டிய பலகாரத்துக்கு, சாப்பிடுகிறவரின் முகத்தை நினைத்து நாமே அளந்து போடுவோம்.

வாங்கியதைக் காப்பதும் சமையலில் பாதி. இனிப்பில்லாத துருவலில் எண்ணெய் அதிகம் என்பதால் காற்றுப் பட்டால் காறல் வாடை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். விலை இறங்கும் நாளில் நான்கு காய் வாங்கித் துருவி, ஒரு வேளைக்கு ஆகும் அளவில் தட்டையான சிறு பொட்டலங்களாக உறையவைத்தால், பாக்கெட்டின் தேவையே பாதி குறையும். குறைந்த கொழுப்பு என்று மலிவாக விற்கும் துருவலில் பல, பால் பிழிந்தெடுத்த சக்கையை உலர்த்தியவை. சட்னியில் தேங்காய் ருசியைத் தேடினால் கிடைக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போன் வந்தது. மகள் இந்த முறை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்ததை அத்தைக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“தேங்காய். தண்ணி. அவ்வளவுதாம்மா.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா.”

“அப்ப பாதியில தண்ணி கலந்து ரெண்டாம் பாலாக்கி வச்சுக்கோ. காய அதுல வேகப் போடு. மீதிய கடைசில ஊத்தணும், கொதிக்க விட்ராத” என்றார் அத்தை.